மேஜையை நகர்த்தியது நான்

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் "இவன் யாரு இதைப் பேசுததுக்கு" என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரவல் ஏணி ஒன்று, சவுக்குக் கம்பு இருபது, கயிறு ஒரு கட்டு. இதுதான் என் முதல். இன்றைக்குத் திருநெல்வேலி டவுனிலிருந்து சீவலப்பேரி வரைக்கும், தெற்கே களக்காடு வரைக்கும், கல்யாணமோ கட்சிக் கூட்டமோ இழவோ, பந்தல் என்றால் என் பந்தல்தான். இரண்டு குடோன் கட்டினேன். வாடகைப் பாத்திரத்துக்கு ஒன்று, தகரத்துக்கும் நாற்காலிக்கும் ஒன்று. ஆற்று மணலில் பந்தல்கால் நிற்காது என்று எஞ்சினியர் சொன்ன இடத்தில் அம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு அறுபது கால் பந்தல் நிறுத்தினேன். மலையில் மழை பெய்து தாமிரபரணி கலங்கலாக வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. ஒரு கால் சாயவில்லை. எனக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன மாமனார், என் நாற்காலியில் உட்கார்ந்துதான் தன் கடைசி மகள் கல்யாணத்தைப் பார்த்தார். எனக்குக் கடன் கிடையாது என்ற பேங்க் மேனேஜர், தன்னுடைய வழியனுப்பு விழாவுக்கு என்னிடம்தான் சாமியானா கேட்டு வந்தார். கொடுத்தேன். ஓட்டை உள்ளதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

என் பாத்திரக் குடோனில் பாத்திரம் கழுவுகிற ஒரு அம்மாள் உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவள். பதினெட்டு வருஷமாகக் கழுவுகிறாள். சாம்பார் அண்டாவுக்குள் இடுப்பு வரை இறங்கி நின்று தேய்ப்பாள். புருஷன் எப்போதோ செத்துப்போனான். மகள் ஒருத்தி, கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் ஒருத்தன் என்னிடம் தகரம் கட்டினான். கம்பத்தில் ஏறினால் அணில் மாதிரி. அவன் பாளையங்கோட்டை ரோட்டில் பைக்கில் போகும்போது லாரியில் இடித்து விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூளை செத்துவிட்டது என்றார்கள். நெஞ்சு மட்டும் மிஷினில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் பக்கத்தில் நின்றவன் நான். சொந்தக்காரன் ஒருத்தன் நிற்கவில்லை. ஒரு லேடி டாக்டர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பைய விளக்கிச் சொன்னது. கிட்னி, ஈரல், கண் கொடுத்தால் நாலைந்து பேர் பிழைப்பார்கள், கொடுக்காவிட்டாலும் உங்களை ஒருத்தரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்றது. இவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாருக்குன்னு சொல்லுவியளா?"

"சொல்ல மாட்டோம்மா. அது வழக்கமில்ல."

"அப்பச் சரி. தெரிஞ்சா நான் அவுக வாசல்ல போய் நின்னுருவேன். எடுத்துக்கிடுங்க."

கட்டைவிரல் வைக்கிற ஆள் இல்லை அவள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நான் போட்டேன். ஒரு பைசா கைமாறவில்லை. இழவுக்குப் பந்தல் போட்டது நான், வாடகை வாங்கவில்லை, அது வேறு.

அந்த வருஷ மழைக்கு அவள் வீட்டு ஓலைக்கூரை சரிந்துவிட்டது. என் குடோனில் கழித்துப்போட்ட பழைய தகரம் பதினைந்தை எடுத்துக்கொண்டு போய் நானே ஆள் வைத்து ஏற்றிவிட்டேன். ஊர்க்காரர்களுக்கு அது போதும். மகன் கிட்னியை விற்றுத் தகரம் போட்டுவிட்டாள் என்று பேசினார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் ஒருத்தி சொல்லுவாளாம், "ஏளா, அவ முந்திப் பிடிக்கட்டும், பெரிய இடத்துத் துட்டு." என் தகரத்தில் எல்லாம் விளிம்பில் பச்சைக் கோடு போட்டிருக்கும், அடுத்த கடைக்காரன் தகரத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஒருத்தனும் அண்ணாந்து பார்க்கவில்லை.

நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருத்திக்குத் தகரம் கொடுத்தேன் என்று தெரிந்தால் குடோனில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்களே என்று கணக்குப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முகாமுக்கு வருகிறேன்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், சீவலப்பேரி போகிற வழியில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை முகாம் நடத்த ஆரம்பித்தார்கள். கண் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, கூடவே தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் மனு வாங்குவது. தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இதோடு சேர்த்து, உடல் உறுப்பு தானம் பதிவு செய்ய ஒரு மேஜை. அறக்கட்டளைத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை, பேசினால் குரல் உயராது. குரல் உயராத மனுஷனிடம்தான் எனக்குப் பயம்.

முதல் முகாமுக்குப் பந்தல் போட்டுவிட்டு நிற்கிறேன். பேராசிரியர் வந்து, "அண்ணாச்சி, இந்தப் பதிவு மேஜையை எங்கே போடலாம்?" என்றார்.

எனக்கு ஒரு கர்வம். பந்தலுக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுவிட்டார் அல்லவா. "வாசல்ல இடதுகைப் பக்கம் போடும் சார். எடுத்த எடுப்புல கண்ணுல படணும்" என்றேன். நானே தூக்கிப் போட்டேன். மேலே பட்டுத்துணி விரித்தேன். கல்யாண வீட்டில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு வைக்கிற மேஜை அது. அதே இடம், அதே துணி.

அங்கேதான் வினை. எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்த இடத்து மேஜையைத் தாண்டி உள்ளே போனதே கிடையாது. கல்யாணத்துக்கு வந்தவன் சந்தனத்தைத் தொடாமல் உள்ளே போனால் வீட்டுக்காரன் மேல் கோபம் என்று அர்த்தம். ஆகையால் வந்த கிழவன் கிழவி எல்லாம் அந்த மேஜையில் நின்றார்கள். அங்கே இருந்த பெண்பிள்ளை ஆதார் நம்பர் கேட்டது, சொன்னார்கள். போனில் வருகிற நம்பர் கேட்டது, சொன்னார்கள். கலர் அட்டை ஒன்றை நீட்டியது, வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எதற்கு என்று ஒருத்தர் கேட்கவில்லை. உதவித்தொகைக்கு இதுதான் முதல் படி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

சாயங்காலம் பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தச் சின்ன ஊரில் இவ்வளவு பதிவா, என்ன பரந்த மனசு என்று மைக்கில் பேசினார். நானும் நாற்காலியை அடுக்கிக்கொண்டே கேட்டுப் பெருமைப்பட்டேன்.

இரண்டாவது முகாமில் மனு வரிசைக்கு டோக்கன் வந்தது. டோக்கன் கொடுக்கிற இடம் எது? அந்த வாசல் மேஜைதான். பதிந்தவர்களுக்குக் கையோடு டோக்கன். வேண்டாம் என்றவர்களிடம் அந்தப் பிள்ளை, "ஓரமா நில்லுங்க, கடைசியில கூப்பிடுவாங்க" என்றது. தாலுகா ஆபீஸ் அம்மா மத்தியானம் ஒரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். கடைசி என்ற ஒன்று வரவே செய்யாது. சட்டம் என்று ஒன்றும் எழுதவில்லை, போர்டு வைக்கவில்லை. ஒரு வரிசை, அவ்வளவுதான்.

எனக்கு அது மூன்றாவது முகாமில்தான் தெரிந்தது. தண்ணீர் டிரம் பக்கத்தில் தூணில் சாய்ந்துகொண்டு நம் பாத்திரக் குடோன் அம்மாள் நிற்கிறாள். முட்டி இரண்டும் வீங்கிப்போய்க் குந்தி உட்கார முடியாத நிலை அவளுக்கு. அண்டாவுக்குள் இறங்கினால் ஏற்றிவிட இரண்டு ஆள் வேண்டும். இனிமேல் உதவித்தொகை கிடைத்தால்தான் சோறு, மகள் வீட்டில் போய் நிற்க மாட்டாள்.

"என்னம்மா, இங்கன நிக்க?"

"மனுக் கொடுக்க மொதலாளி. போன தடவையும் வந்தேன். நின்னுட்டுத் திரும்பிப் போனேன்."

"டோக்கன் வாங்கலையா?"

"அது அந்த அட்டை வாங்குனவுகளுக்குத்தானாம்."

எனக்கு எரிச்சல். "கையெழுத்துத்தானே கேக்காவ? உன்னையவா இப்ப அறுக்கப் போறாவ? போட்டுட்டு வாங்கிக்கிட வேண்டியதுதானே. மகனுக்கே போட்டவ நீ."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மொதலாளி, எம்மவனுக்கு நான் போட்டப்ப எனக்கு ஏதும் கொடுத்தாவளா? நீங்க பக்கத்துலதான நின்னிய."

"இல்ல."

"இல்லேன்னு பதினோரு வருசமாச் சொல்லுதேன். ஒருத்தி நம்பல. இன்னைக்கு இங்கன கையெழுத்தப் போட்டு, அந்தக் கையோட பென்சன் வாங்குனா என்ன சொல்லுவாளுவ? பாத்தியா, இவ எதுவும் வாங்காமப் போட மாட்டா, அன்னைக்கும் வாங்கித்தான் போட்டிருக்கான்னு சொல்ல மாட்டாளுவளா? எம்மவன வித்த மாதிரி ஆயிரும்லா."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த டாக்டரம்மா கேட்ட மாதிரி உக்காந்து கேட்டா நாளைக்கே போடுவேன். இப்பிடின்னா போட மாட்டேன். பென்சன் வராட்டிப் போவுது" என்றாள்.

ஒரு மணிக்குத் தாலுகா அம்மா கிளம்பியது. இவள் மனு இவள் கையிலேயே இருந்தது.

நேரே பேராசிரியரிடம் போனேன். பந்தலுக்கு நடுவில் நின்றேதான் பேசினேன். தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"சார், பதிஞ்சவனுக்கு மட்டும் டோக்கன்னு எவன் சொன்னான்?"

"யாரும் கட்டாயப்படுத்தலையே அண்ணாச்சி. நல்ல காரியம் செய்றவங்களுக்கு ஒரு சின்ன முன்னுரிமை. கிட்னிக்காகக் காத்திருந்து காத்திருந்து செத்துப்போறவங்க எவ்வளவு பேர்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு அட்டையால ஒரு உயிர் பிழைச்சா, நாலு பேர் கொஞ்சம் பின்னாடி நிக்கிறது பெரிய தப்பா?"

"பின்னால நிக்கவ இன்னும் நிக்கா. உங்க ஆளு பையைத் தூக்கிட்டுப் போயாச்சு."

"அடுத்த மாசம் வரட்டும்."

"இது ரெண்டாவது மாசம் வே."

பேராசிரியரை 'வே' என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. "கல்யாண வீட்டுல மொய் எழுதினவனுக்குத்தான் பந்தியில எலைன்னு எங்கயாவது கேட்டிருக்கீரா? வந்தவன் எல்லாரும் சாப்பிடுவான். மொய் எழுதுதவன் எழுதுவான், எழுதாதவன் கைகழுவிட்டுப் போவான். கெவர்மெண்டு சோத்துக்கு நீரு மொய் கேக்கீரு, அதுவும் உடம்பை மொய்யாக் கேக்கீரு."

அவர் சிரித்தார். குரல் உயராமல் சொன்னார். "அண்ணாச்சி, முதல் முகாம்ல எல்லாரும் இந்த மேஜைக்கு வரணும்னு நாங்க திட்டம் போடல. வாசல்ல போடச் சொன்னது நீங்க. ஜனங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு எங்களுக்குக் கத்துக்கொடுத்ததே நீங்கதான்."

செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. நாற்பத்தைந்து வருஷமாகப் பந்தல் போடுகிறவன் நான். எந்த மேஜையை எங்கே போட்டால் ஜனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவு எவனுக்கும் தெரியாது. தெரிந்தவன்தான் போட்டேன். யோசிக்காமல் போட்டேன். அந்த ஆள் யோசித்து அதன் மேல் டோக்கனை வைத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு என்ன வித்தியாசம்?

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மகன், பி.காம். படித்தவன், "யப்பா, நமக்கு எதுக்கு? பந்தல் ஆர்டர் போயிரும்" என்றான். "போனா மயிரே போச்சு" என்றேன்.

நாலாவது முகாமுக்கு நானே ஆட்களோடு போனேன். விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். எல்லாம் வழக்கம்போலத்தான். பதிவு மேஜையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலின் பின்வாசலில் போட்டேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டு, கைகழுவி, சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்கிற இடம் அது. அங்கே வருகிறவனுக்கு வந்த வேலை முடிந்திருக்கும். பை வாங்கினாலும் வாங்கலாம், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வாங்காமலும் போகலாம். ஒருத்தனும் தப்பாக நினைக்க மாட்டான். மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டேன். நின்றுகொண்டு பதியக் கூடாது, உட்கார்ந்து கேட்டுப் பதியட்டும்.

பேராசிரியர் காரை விட்டு இறங்கியதும் பார்த்துவிட்டார். "மேஜையைப் பழைய இடத்துல போடுங்க அண்ணாச்சி."

"போட மாட்டேன்."

"முகாம் எங்களுடையது."

"பந்தல் என்னுது." என் ஆளைக் கூப்பிட்டேன். "ஏலே, முன்கால் ரெண்டுலயும் கயித்த அவுத்து விடு." அவன் அவிழ்த்தான். தகரம் லேசாக இறங்கி முனகியது. வரிசையில் நின்ற கிழவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நகராமல், "அவரு அவுக்க மாட்டாரு, வெயில்ல நமக்கு முந்தி அவருக்குத்தான் மண்டை காயும்" என்றார். அந்த ஆளுக்கு என்னைத் தெரியாது. மூன்றாவது காலுக்கு நானே போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

அப்போதுதான் தாலுகா ஆபீஸ் அம்மா உள்ளே வந்தது. என்ன சத்தம் என்று கேட்டது. டோக்கன் என்றால் வந்த வரிசைக்குக் கொடுப்பது என்று அதுவரைக்கும் நினைத்திருந்ததாம். நான் விஷயத்தைச் சொன்னேன், தண்ணீர் டிரம் பக்கம் நின்றவளையும் காட்டினேன். அந்த அம்மா பேராசிரியரைப் பார்த்து, "டோக்கனே வேண்டாம் சார். வந்த வரிசையில விடுங்க. பதிவுக்கும் மனுவுக்கும் சம்பந்தமில்ல, இதை நீங்களே மைக்ல சொல்லிருங்க" என்றது. அவர் சொன்னார். ரொம்பப் பைய சொன்னார், மைக்கைப் பிடித்து என் ஆள் சத்தத்தைக் கூட்டினான்.

பாத்திரக் குடோன் அம்மாள் நாலாவது ஆளாக மனுக் கொடுத்தாள். அந்த அம்மா வாங்கி, படித்து, ஒரு இடத்தில் கையெழுத்து விட்டுப்போனதைக் காட்டி, போடச் சொல்லி வாங்கிக்கொண்டது. சில மாதத்தில் உத்தரவு வந்தது. இப்போது அண்டாவுக்குள் இறங்குவதில்லை.

அன்றைக்குப் பின்வாசல் மேஜையில் அவள் உட்கார்ந்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். நான் பதிந்தேனா என்று கேட்டால், பதிந்தேன். எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து அந்தப் பிள்ளையிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதிந்தேன். எனக்கு அதனால் எவனும் எதுவும் தரவில்லை.

பதிவு குறைந்துபோயிற்று என்று பேராசிரியர் என் மேல் வருத்தப்பட்டாராம். முன்னால் பதிந்தவர்களில் பலர், இதுவா விஷயம், எங்கள் பேரை எடுத்துவிடு என்று அந்தப் பிள்ளையிடம் வந்து நின்றார்கள். அதற்கும் நான்தான் காரணமாம். தெரியாமல் பதிந்தவன் தெரிந்துகொண்டு போகிறான், இதில் குறைந்தது எது? ஐந்தாவது முகாமுக்குப் பந்தல் ஆர்டர் மேலப்பாளையத்தில் பந்தல் போடுகிற ஒருத்தருக்குப் போயிற்று. அவர் போன் பண்ணி, "அண்ணாச்சி, அந்த மேஜையை எங்க போடணும்?" என்று கேட்டார். சொன்னேன். இன்றைக்கும் அங்கேதான் போடுகிறார்கள்.

இந்த வருஷம் அறக்கட்டளைக்காரர்கள் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் முகாம் எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம். என் மகன் வாசித்துக் காட்டினான். உறுப்பு தானப் பதிவை அரசு உதவியோடு சேர்க்கக் கூடாதாம். பதிவு மேஜை வெளியே போகிற வாசலில் இருக்க வேண்டுமாம். எதிரே உட்கார நாற்காலி இருக்க வேண்டுமாம். பேராசிரியர் பல மாத அனுபவத்தில் கண்டறிந்த முறையாம். டவுனில் ஒரு ஹாலில் அதற்கு வெளியீட்டு விழா, அவருக்குச் சால்வை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பந்தல் உதவி' என்று போட்டு அதிலும் மேலப்பாளையத்துக்காரர் பேர்.

எனக்குச் சால்வை வேண்டாம். குடோனில் துணிக்குப் பஞ்சமில்லை. அடுத்த தடவை அந்தப் புத்தகத்தை அச்சடிக்கும்போது இரண்டு வரி சேர்க்க வேண்டும். மேஜையை முதலில் வாசலில் போட்டு ஜனங்களை மாட்டிவிட்டது இன்ன ஊர்ப் பந்தல்காரன் என்று ஒரு வரி. எனக்கு அதில் வெட்கமில்லை, போடுங்கள். அதைப் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அதே பந்தல்காரன்தான், பேராசிரியர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தூக்கிக்கொண்டு போனான் என்று இன்னொரு வரி. முதல் வரியை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை விடுகிற வேலை வேண்டாம். பொடி எழுத்தில் போடாதீர்கள், எனக்குக் கண் சரியில்லை. போட்ட பிறகு ஒரு பிரதியை என் குடோனுக்கு அனுப்புங்கள். என் மகனை விட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன்.